வெளியே வராத பெருவிரல்

ஊரில் நாலெழுத்துப் படித்தவன் என்று பெயரெடுத்த நான், சிறுவயதில் ஒரு பள்ளி விடுமுறை முழுவதையும் என் பெருவிரலை நீட்டி வளர்ப்பதில் செலவழித்தேன். பழைய டோர்ச் பற்றரி ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டி விரலில் தொங்கவிட்டபடி வேலியோரம் உட்கார்ந்திருப்பேன். விரல் நீளவில்லை. வீங்கியது.

காரணம் இருந்தது. அப்பாவின் ஆட்கள் எல்லோரும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். நீண்ட கை, நீண்ட கால், தடித்த கண்ணாடி. ஊர் எங்களைக் 'கொக்கர் வீடு' என்றது. நாங்கள் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டோம். பெருவிரலை உள்ளே மடித்துக் கையைப் பொத்தினால், சின்னவிரல் பக்கத்தால் அதன் நுனி எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்தால் அசல் கொக்கர். குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள், முப்பத்தொன்று கழிக்கும் சடங்கில், பெயர் வைப்பதற்கு முன்பே விரலைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் ஆண்கள் பாயில் கிடந்து சாவதில்லை. வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன அப்பப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பெரியப்பாவும் அப்படியே. "குடுத்து வைச்ச சாவு" என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

நானோ அம்மாவின் அச்சு. கட்டை, உருண்டை.

அந்த விடுமுறை முடியும் தறுவாயில் அப்பாவின் தங்கையான மாமியின் குழந்தைக்கு முப்பத்தொன்று வந்தது. பரீட்சை அதிகாரி சித்தப்பா. கரப்பந்தாட்டத்தில் துள்ளாமலே வலைக்கு மேலால் அடிக்கிறவர். குழந்தை முதல் தரத்தில் சித்தியடைந்தது. வந்திருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தேறினார்கள். கடைசியாக நான்.

"எங்க, பொத்தடா பாப்பம்."

வீங்கிய விரல் மடிய மறுத்தது. கையைப் பொத்தினேன், அது கம்பம்போல விறைத்து நின்றது.

"சித்தப்பா, வெளியிலதானே நிக்குது!"

"உள்ளுக்குப் போனாத்தானேடா வெளியில வாறது! இவன் எங்கட ஆளில்லை. தாய்ப் பகுதி."

பந்தல் முழுவதும் சிரித்தது. நான் அழுதேன். அம்மா என் விரலுக்கு எண்ணெய் பூசியபடி, "அந்தக் கொக்குக் கூட்டத்தில சேந்து நீ என்ன மீன் பிடிக்கப் போறாய்?" என்றா.

சில வருடங்களில் அப்பாவும் போனார், மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றபடியே.

போன வருடம் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்கான் எடுத்தபோதுதான் எங்கள் பெருமைகள் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. விரலை நீட்டிய அதே பரம்பரைக் குறைதான், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரையும் தொய்ய வைக்கிறதாம். உடம்பைக் கட்டிப்பிடித்திருக்கும் இழையத்திலேயே பலமில்லை. பழைய சைக்கிள் ரியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல நாடி மெல்ல மெல்ல விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடும். சித்தப்பாவுக்குக் கிழியுமுன் அறுத்து, செயற்கைக் குழாய் வைத்தார்கள். இரத்த உறவு எல்லோரும் வந்து காட்டவேண்டும் என்றார்கள்.

கிளிநொச்சியிலிருந்து வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று முதல் தரத்தில் தேறிய குழந்தை, இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பெருநாடி சற்று விரிந்திருப்பதாகக் கேட்டுக் குளிசை எழுதிய மருந்துச் சீட்டுடன் வெளியே வந்தான். அடுத்தது நான். இரவெல்லாம் அப்பாவை நினைத்துப் பயந்து வியர்த்தவன்.

"ஐயா, பெருவிரலை உள்ளுக்கு மடிச்சு, கையைப் பொத்துங்கோ" என்றா இளம் டொக்டர்.

வெளியே வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உந்தினேன்.

"ஐயா, தள்ளாதேங்கோ. சும்மா பொத்துங்கோ."

வரவில்லை. ஸ்கானிலும் ஒன்றுமில்லை. பந்தலில் அழுத அந்தப் பொடியனுக்கு, தான் எதில் தோற்றான் என்று விளங்க இவ்வளவு காலம் பிடித்தது.

கிளிநொச்சிக்குத் திரும்பி நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நெஞ்சில் நீண்ட தழும்போடு கதிரையில் சாய்ந்திருந்தார். விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனானெல்லோ, இவன் எங்கட ஆளில்லையெண்டு. வான் காசு வீண்."