நாற்பத்தாறு நிமிடப் பெட்டி

என் தங்கச்சி புருஷனை எனக்கு நாற்பது வருடமாகப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதை இரண்டு பேரும் ஒளித்ததில்லை.

அவர் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் உட்கார்ந்து பேர் எழுதி, கொழுந்து நிறை எழுதி, துரைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியவர். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற ஆளாகத் தொடங்கினேன். இன்றைக்குக் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம், இரண்டு லோரி, மலை ஏற ஒரு ஜீப் என்று நிற்கிறேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பாதையே இல்லாத சரிவில் பாதை வெட்டியவன் நான். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. சொல்லாதவர் கிராணி ஒருவர்தான். ஒரு தீபாவளிக்குத் தங்கச்சிக்குச் சீராக நான் கொண்டுபோன மிக்ஸியை, "எங்க வீட்ல இருக்கு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய மனுஷன்.

தங்கச்சிக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்டு இருந்தால்தான் அது ஓடும். அவர்கள் மகன் தோட்டத்து பேக்டரியில் வேலை செய்வதால் லயத்திலேயே, வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருக்கிறார்கள். அந்த லயத்துக்குக் கரண்டு கம்பி மரங்களுக்கு நடுவே வருகிறது. பெரிய மழை பெய்தால் ஒரு கிளை விழும், கரண்டு போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். விறகடுப்பு எரிகிற இரண்டு அறை வீட்டில் அது வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாகக் கரண்டு போனபோது பகல் இரண்டு மணி. ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் தங்கச்சியின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அவளைப் பிழைக்க வைத்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் சுவரோரம் நிற்கவைத்துத் திட்டினார். கரண்டு போனாலும் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு பேட்டரிப் பெட்டி வாங்குங்கள், வாங்காமல் இன்னொரு தடவை இவரை இப்படிக் கொண்டுவந்தால் என்னிடம் அழாதீர்கள் என்றார். மழைக்காலம் அப்போதுதான் ஆரம்பம்.

பெட்டியை நான் வாங்குவேன் என்று நான் முடிவு செய்தேன். தான் வாங்குவதென்று கிராணி முடிவு செய்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கம்போங் ராஜாவில் ஒரே ஒரு கடைக்காரன்தான் அந்த மாதிரிப் பெட்டி வைத்திருந்தான். நான் உள்ளே நுழைகிறேன், கிராணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டியின் முதுகைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க மொதலாளி. கோஸ் இங்க எடுக்க மாட்டாங்க லா. எதுத்த கடை," என்றார்.

"கிராணி படிச்சு முடிக்கறதுக்குள்ள கடைய சாத்திருவான். தள்ளுங்க."

கடையில் இருந்தவை இரண்டே பெட்டிகள். இரண்டும் ஒரே அளவு. பிஸ்கட் டின் மாதிரி, மேலே ஒரு கைப்பிடி. நான் இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றும் தூக்கிப் பார்த்தேன். கோஸ் அப்படித்தான் எடுப்போம். ஒரே பருமனில் இரண்டு இருந்தால் கனமானது உள்ளே இறுக்கமாக இருக்கும், லேசானது உள்ளே காலி. ஐம்பது வருடமாக இந்தக் கை என்னை ஏமாற்றியதில்லை. வலது கையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம்.

"இதுதான்," என்றேன்.

"பாத்தீங்களா, என்ன எழுதியிருக்குன்னு? அதுல இருநூத்தம்பது வாட்டு. இதுல ஐந்நூறு."

"எழுதறவனுக்கு என்ன, கையா வலிக்கும்?"

"எழுத்து தெரியாதவன் அப்படித்தான் பேசுவான்."

நாங்கள் தவ்கே என்று கூப்பிடும் கடைக்காரச் சீனன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் அவனுக்கு நன்றாகத் தெரியும். "ரெண்டும் பாகுஸ் லா, அண்ணே. ரெண்டும் நல்லது. கொண்டு போ, ட்ரை பண்ணு. ஓடாதது திருப்பிக் கொண்டு வா. இங்க சண்டை வேணாம்," என்றான். இதைவிடப் பெரிய பெட்டி வேண்டுமென்றால் ஈப்போவிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றும் சொன்னான்.

கிராணிக்கு வண்டி கிடையாது. என் ஜீப்பில்தான் ஏறினார். பெட்டியைப் பின்னால் வையுங்கள் என்றேன். "உங்க கோஸ் நாத்தம் ஒட்டிக்கும்," என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். லயம் வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

தங்கச்சி வாசலுக்கு நேரே நாற்காலியில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெட்டியையும் பார்த்தாள், எங்கள் முகங்களையும் பார்த்தாள். "ஒண்ணா வாங்கப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க முயன்று இருமினாள்.

முதலில் என் பெட்டி. மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி அதில் சொருகி, பட்டனை அமுக்கினேன். மெஷின் ஒரு முக்கு முக்கியது. பெட்டி கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டி, செத்துப்போனது. மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் கத்தியது. மூன்றாவது தடவை தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டு வயரைச் சுவரில் தானே சொருகிக்கொண்டாள். அதற்குள் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"கனமா இருக்குல்ல, மெதுவாத்தான் எந்திரிக்கும்," என்றார் கிராணி.

எனக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. மலை உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, கீழே சுண்டுவிரல் பருமனுக்கு டியூப் போட்ட மாதிரி. உள்ளே நிறைய இருக்கிறது. ஒரே நேரத்தில் வேண்டிய அளவு வெளியே வராது. மெஷின் கேட்பது முந்நூற்றுப் பத்து வாட், பெட்டி தள்ளுவது இருநூற்றைம்பது. கனம் சரிதான். கை பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்கவில்லை. இதை நான் இங்கே எழுதுகிறேனே தவிர அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை. அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்?

அவருடைய பெட்டியில் மெஷின் உடனே ஓடியது. கிராணி எழுந்து நின்று, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டி வந்த அட்டையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். "உள்ள இருக்கறது இருநூத்தித் தொண்ணூறு. மெஷினு ஒரு மணி நேரத்துல தின்னுறது முந்நூத்திப் பத்து. அம்பத்தாறு நிமிஷம் ஓடும். ஆஸ்பத்திரிக்கு அது போதும்."

"தண்ணிக்கு எவ்ளோ கழிச்சீங்க?" என்றேன்.

"என்ன தண்ணி?"

எங்கள் அம்மா அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தார். சாயங்காலம் கூடையைத் தராசில் தொங்கவிட்டால் முப்பது கிலோ காட்டும். புத்தகத்தில் ஏறுவது இருபத்தெட்டு. கொழுந்து ஈரமாக இருக்கிறதாம், தண்ணிக்குக் கழிக்கிறார்களாம். மழை பெய்தாலும் இரண்டு கிலோ கழிவு; மூன்று வாரம் வெயில் காய்ந்தாலும் அதே இரண்டு. அந்தப் புத்தகத்தில் எழுதிய சின்ன கிராணி இவர்தான். அந்த வீட்டுப் பெண்ணையே பிறகு கட்டிக்கொண்டார்.

"எங்கம்மா கூடைல முப்பது, உங்க புஸ்தகத்துல இருபத்தெட்டு. மேல எழுதியிருக்கறது ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணுன்னு எனக்குக் காட்டிக் குடுத்ததே நீங்கதான். இந்தப் பொட்டி மட்டும் கழிக்காதா? கிராணி இல்லாத பொட்டியா அது?"

"செத்தவங்கள எதுக்குய்யா இழுக்கறீங்க? துரை கழிக்கச் சொன்னாரு, கழிச்சேன்!"

"வெயில்லயும் கழிக்கச் சொன்னாரா?"

அவர் முகம் கறுத்தது. பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள், கேட்பதற்குத்தான், வேறெதற்கு? தங்கச்சி குறுக்கே வரவில்லை. "ஓட விடுங்க. தானா நிக்கற வரைக்கும் ஓடட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

ஓடவிட்டோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அட்டையைப் பார்த்தார், நான் பெட்டியில் இறங்குகிற எண்ணைப் பார்த்தேன். சரியாக நாற்பத்தாறாவது நிமிடம் அது நின்றது. பத்து நிமிடம் தண்ணிக்குப் போய்விட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி அவர் வழியில் வண்டி தேடிக்கொண்டிருந்தால், என் தங்கச்சி ரோட்டோரத்திலேயே போயிருப்பாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, உன் பொட்டியத் தூக்கிட்டுப் போ. ஸ்டார்ட் ஆவாதத வச்சி நான் பூசையா பண்ணப் போறேன்?"

"அவரு கணக்கு தப்பாயிருச்சே, அதப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"கணக்குதான் தப்பு. பொட்டி ஓடுதுல்ல?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நாப்பத்தாறு நிமிஷத்துல என்னை எப்படிக் கொண்டுபோவீங்க? முதுகுலயா?"

கிராணி பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பொட்டி அவரோடது, வண்டி உன்னோடது. மழ இருட்டுச்சுன்னா வந்து வாசல்ல நிக்கணும்."

"அவரு கூப்புடட்டும், வர்றேன்."

"அவரு எதுக்குக் கூப்புடணும்? மூச்சு என்னோடது. நான் கூப்புடுறேன்."

கனமான பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். தவ்கே வாங்கி வைத்துக்கொண்டான். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் வானம் கறுத்தால் வேலையாட்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு லயத்து வாசலில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் போயிருக்க மாட்டேன். தங்கச்சி மட்டும் ஜன்னல் வழியாகத் தேத்தண்ணி நீட்டுவாள்.

கரண்டு போனது ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. மழை விட்டும் கரண்டு வரவில்லை. பெரிய மரம் விழுந்திருக்கிறது, சாயங்காலம்கூட ஆகலாம் என்றார்கள். மெஷினைப் பெட்டியில் சொருகி, இரண்டையும் பின்சீட்டில் தங்கச்சிக்கும் கிராணிக்கும் நடுவே வைத்து, வண்டியை எடுத்தேன். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ரோடு காலியாக இருந்தால் முப்பத்தைந்து நிமிடம். வழியில் இருக்கிற கியா பார்ம் சந்தையில் அன்றைக்கு ஊரெல்லாம் வந்து ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தது. கார்கள் அசையவே இல்லை.

"எழுபத்தொண்ணு," என்றார் கிராணி பின்னாலிருந்து. பெட்டியில் மிச்சம் இருந்த சதவீதம். கொழுந்து நிறை கூவுகிற அதே குரல்.

நான் வண்டியை இடது பக்கம் ஒடித்துக் காய்கறித் தோட்டத்துப் பாதையில் இறக்கினேன்.

"எங்கய்யா போறீங்க? ரோடு அங்க இருக்கு!"

"அந்த ரோடு படிச்சவங்களுக்கு. இது நான் கோஸ் எறக்குன ரோடு."

பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே ஒரு வண்டி அகலத்துக்குச் சேறு. ஒரு பள்ளத்தில் ஜீப் எகிறி விழுந்தது. பின்னால் மெஷினின் சத்தம் நின்றது. பெட்டியிலிருந்து வயர் கழன்றுவிட்டது. தங்கச்சி சீட்டைக் கையால் இரண்டு தட்டு தட்டினாள். நான் பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிறுத்தாதீங்க! ஓட்டுங்க!" கிராணி கத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். சீட்டை விட்டுக் கீழே இறங்கி, முட்டி போட்டு, வயரைப் பெட்டியோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மெஷின் மறுபடி ஓடியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் தலை சீட்டில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் என் குலத்தைத் திட்டினார், நடு நடுவே எண்ணையும் கூவினார். முப்பத்தெட்டு. இருபத்திரண்டு. பதினாலு. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஒன்பது.

அவளைக் கட்டிலில் கிடத்தி, சுவரில் இருந்த ஆக்சிஜனில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. அது போதும் எங்களுக்கு, ஆரம்பித்துவிட்டோம்.

"ஒம்பது மிச்சம். உங்க பொட்டியா இருந்தா லயத்துலயே கத்திருக்கும்."

"ரோட்டுலயே நின்னிருந்தா அந்த ஒம்பதும் கியா பார்ம்ல போயிருக்கும்."

"அது ரோடா? மண்டை வீங்கிருச்சு!"

"உள்ள ஏதாச்சும் இருந்தாத்தான வீங்கும்?"

நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், ஒரு தாளோடு வந்து, கூட வந்தவர் யார், கையெழுத்து போடணும் என்றாள். "நான்தான்," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். இரண்டு கையும் பேனாவுக்கு நீண்டன.

தங்கச்சி முகத்து மூடியைக் கீழே இழுத்தாள். "மிஸ்ஸி, தாளக் குடுங்க, நானே போடுறேன். மொதல்ல இந்த ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க. நான் கொஞ்சம் மூச்சு விடணும்."

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.