பன்றிக் குடலுக்குள் ஒரு சென்ரி

கால்நடை வைத்தியம் படித்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: நோயாளி வாயே திறக்காது, நோயாளியின் சொந்தக்காரர் வாயை மூடவே மாட்டார். மட்டக்களப்பில் செருப்புத் தேய அலைந்த சக வைத்தியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே போவது யார்?

சண்டை முடிந்த வருடம். ஆமிக்காரர் வழிமறித்து ஆள் யாரென்று விசாரிக்கும் சென்ரிகள் இன்னும் சந்திக்குச் சந்தி இருந்தன. பெரியகல்லாற்றில் ரீத்தா என்றொரு பெண். சுனாமியில் கணவரை இழந்தவர். நிவாரணமாகக் கிடைத்த ஒரு தாய்ப்பன்றியை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து வந்தார். முதல் ஈற்றுக் குட்டிகள் பால் மறந்ததும் கழிச்சலில் செத்துப்போயின. இந்த ஈற்றும் போனால் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார். பாஸ்போட்டும் எடுத்தாயிற்று.

நல்ல பற்றீரியா கலந்த தூள் ஒரு பை கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பினால் நான் நானில்லையே. குட்டியின் குடல் சுவரில் ‘வாங்கிகள்’ என்று சில உண்டு, உள்ளே வருகிறதைத் தொட்டுப் பார்த்து ஆள் யாரென்று அறியும், நல்ல பற்றீரியாவின் மேலுறையில் உள்ள பொருளை அறிந்துகொண்டால் கெட்டதை எதிர்க்கக் குடலைத் தயார்படுத்தும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். ரீத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்ப பண்டிக்குள்ளயும் சென்ரி போட்டிருக்காங்க எண்டு சொல்லுங்க டொக்டர்.”

ஜீப்போடு நின்றவர்

எங்கள் சாரதி ஹனீபா காக்கா காத்தான்குடிக்காரர். பன்றி வளவுப் பக்கமே வர மாட்டார், ஒழுங்கை முனையில் ஜீப்போடு நிற்பார். திரும்பும் வழியில் நான் வாங்கி, பற்றீரியா என்று தொடங்கினால் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். ஆனால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலை என்றால் போதும், நான் சொல்லாமலே ஜீப் பக்கத்திலுள்ள ரீத்தாவின் ஒழுங்கைக்குப் போய் நிற்கும். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“பண்டிட கதை எனக்கு வேணாம் சேர். அந்தப் புள்ள வெளிநாட்டுக்குப் போகாம நிக்குமா, அத மட்டும் சொல்லுங்க.”

கொதித்த கஞ்சி

சாப்பாட்டுக் கடை மிச்சத்தை அவிக்காமல் பன்றிக்கு வைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள் நாங்கள்தான். ரீத்தா அந்தச் சொல்லைத் தட்டவில்லை. நான் கொடுத்த தூளையும் கஞ்சியில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்திருந்தார். பை முடிகிற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பற்றீரியாவும் செத்திருக்கும். கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. ஓடிப்போய்ப் பட்டியை எட்டிப் பார்த்தேன். குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. ஒன்றுக்கும் கழிச்சல் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் மறுபடி வகுப்பு. செத்த பிறகும் மேலுறைத் துண்டு மிஞ்சும், அதை வைத்தே வாங்கிகள் அறிந்துகொள்ளும், அவித்த கஞ்சியும் உதவியிருக்கலாம் என்றேன். ரீத்தா கஞ்சியைக் கிண்டியபடியே சொன்னார்:

“ஆளை அறியத் துண்டு ஒண்டே போதும் டொக்டர். சுனாமியில செத்த என்ட மனிசனை, இடுப்பில கிடந்த சாரத் துண்டை வெச்சுத்தான் நான் அடையாளம் சொன்ன.”

ரீத்தா வெளிநாடு போகவில்லை. நானோ, இந்தக் கரையில் பன்றியின் வயிற்றைப் பற்றிப் பேசப் போனாலும் வீட்டுக்காரர் யாரைப் பறிகொடுத்தவர் என்று விசாரித்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கப் பழகிக்கொண்டேன்.