சரோஜா அக்காவும் கியா பார்ம் ஜேமும்

சரோஜா அக்கா காலமாகிவிட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே...

கேட்டதும் அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அக்காவை நினைத்தால் அப்படித்தான் ஆகும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் வேனை விற்கவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்க்கும் எங்கள் சின்னக் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். மருந்து வாங்கிக் கொடுப்பது, துணி துவைத்துப் போடுவது, சும்மா உட்கார்ந்து பேசுவது...

நான் இந்த மலையூர் தானா ராத்தாவுக்கு வேலை மாற்றலாகி வந்த புதிது. கோயிலில் பார்த்து, "தம்பி, லீவு நாள்ல சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் ஒரு மூட்டை அரிசியை என் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

எல்லாருக்கும் தெரிய வேண்டிய கதை வீராசாமி தாத்தாவுடையது.

தாத்தா ஒரு காலத்தில் தேயிலை லோரி ஓட்டியவர். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஈப்போவில் இருக்கும் மகள் வசந்திக்கு அப்பாவைத் தனியாக விட மனமில்லை. ஒரு சனிக்கிழமை அக்காவுக்கு போன் செய்தார். மத்தியானம் வந்து கையோடு அழைத்துப்போகிறேன், துணிமணியை எடுத்து வையுங்கள் என்றார்.

அக்கா எடுத்து வைத்தார். பிறகு, போவதற்கு முன்னால் எங்கேயாவது போக வேண்டுமா என்று தாத்தாவிடம் கேட்டார்.

"ரோட்டப் பாக்கணும்," என்றார் தாத்தா.

அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறங்கி, வேனின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். பக்கத்து ஊரான பிரிஞ்சாங் தாண்டியதும் மாட்டிக்கொண்டோம். பள்ளி விடுமுறை... வண்டிகள் அங்குலம்கூட நகராத கியா பார்ம் சந்தை ஜேம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இருக்காது!

தாத்தா கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஸ்ட்ராபெரி வாங்க நடு ரோட்டில் நிறுத்தியவனைத் திட்டினார். வளைவில் திணறிய டூர் பஸ்ஸுக்குக் கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார். அக்கா இறங்கிப் போய்ச் சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்தார். வேன் நகரவே இல்லை.

அப்போதுதான் வசந்தி கூப்பிட்டார். பக்கத்து வீட்டார் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போல. குரலில் அத்தனை கோபம்.

"கியா பார்ம் ஜேம்ல நிக்கிறோம்மா," என்றார் அக்கா.

அந்தப் பக்கம் ஒரு ஹார்ன் சத்தம். பிறகு மெதுவாக, "நானும் அங்கதாங்க நிக்கிறேன்."

கணவரைக் காரிலேயே விட்டுவிட்டு, வாகனங்களுக்கு நடுவே வசந்தி விறுவிறுவென்று நடந்து வந்தார். சண்டைதான் என்று நினைத்தேன். ஜன்னலருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பாவின் வாய் முழுக்க சோளம்.

"ஏறும்மா," என்றார் தாத்தா. "அந்த பஸ்காரனுக்கு ஓட்டவே தெரியல லா."

வசந்தி ஏறினார். பின் சீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார், நிறையச் சிரித்தார். அம்மா போன பிறகு அப்பா இப்படிப் பேசிப் பார்த்ததே இல்லை என்றார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும், கட்டி வைத்த துணிகளை வசந்தியே பிரித்து அலமாரியில் அடுக்கினார். காலையில் யார் வருவது, குளிக்க யார் உதவுவது, ராத்திரி யார் எட்டிப் பார்ப்பது என்று அக்கா பக்கத்து வீட்டாரோடு பேசி ஏற்பாடு செய்தார். மாதம் ஒரு முறை ரோட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது தாத்தா போட்ட கண்டிஷன்.

தாத்தா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். இன்று காலை நான்தான் போய்ச் சொன்னேன்.

தாத்தா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொன்னார். பிறகு சொன்னார்: "நல்லா ஓட்டுவா. லோரிக்காரன் நான் சொல்றேன்."

நாளை மத்தியானம் இறுதிச் சடங்கு. நாங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லாருமே தாங்களும் வர வேண்டும் என்கிறார்கள், கட்டிலைவிட்டு எழாதவர்கள் உட்பட. அவர்களை ஏற்றிப்போக, கார் வைத்திருக்கும் நண்பர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.

போய் வாங்க அக்கா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.