மூன்று தரம் அழைத்த மெயில்

செட்டிகுளத்தில் சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கும் சாமிதுரைக்கு வாக்கப்பட்டவள் செல்வம்மாள். செல்வம்மாளுக்கு அண்ணன் இராமலிங்கம். இராமலிங்கத்தின் ஒரே மகள் வெற்றிச்செல்வி, அந்த மண்டியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். முதலாளியும் சாமிதுரையே, மாமாவும் அவரே. வேற்று ஆளிடம் வேலை பார்த்தால் வீட்டுக்கு வந்தாவது திட்டித் தீர்க்கலாம். அத்தை புருஷனைத் திட்டினால் அப்பன் முகம் சுண்டிப்போகும். அதனால் இரண்டு வருஷக் கொதிப்பை உலைமூடி போட்டு மூடுகிற மாதிரி உள்ளுக்குள்ளேயே மூடி வைத்திருந்தாள்.

அவளுடைய வேலை, ஓட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் சரக்கும் விலையும் சொல்லி மெயில் அனுப்புவது. மொத்தமாக எடுக்கிற பெரிய இடம் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலைக் கேன்டீன். அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். விலை எதுவானாலும் மெயிலில் வந்தால்தான் பார்ப்பார்கள். அந்தக் கேன்டீனிலிருந்து இந்தப் புரட்டாசியில் ஒரு பதிலும் இல்லை. வானம் மூட்டம் போட்டுவிட்டது. மண்டியில் காற்றாடத் தட்டி அடைத்துப் பட்டறை கட்டிப் போட்டிருந்த வெங்காயத்தில் பாதி இராமலிங்கம் விளைவித்தது. ஈரக்காற்று ஏறினால் முளைவிட்டு அழுகிவிடும்.

சாமிதுரை கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவள் எழுதுகிற லட்சணத்துக்கு எவன் வாங்குவான் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். அதுதான் சுட்டது.

"இந்த வாரத்துக்குள்ள அரியலூர் ஆர்டர் வரலைன்னா, உங்கப்பன் சரக்க அள்ளிட்டுப் போவச் சொல்லு. எனக்கு எடம் வேணும்."

எழுதியது அவளே இல்லை. சாமிதுரை மகளின் கல்யாணப் பத்திரிகையை அடித்த பெரம்பலூர் அச்சாபீஸ்காரர்தான் அந்த மெயிலையும் செய்து கொடுத்தார். மேலே மலைக்கோயில் முருகன், சுற்றிலும் மஞ்சள் கரை, நடுவில் மிளகாய்ச் சிவப்பில் கொட்டை எழுத்து, மூட்டைக்கு ஒரு கிலோ இலவசம் என்று ஒரு கூவல். விலை உள்பட எல்லாமே ஒரே படம். அடியில் பெயர் மட்டும் வெற்றிச்செல்வி. அதைக் காலை, மதியம், விளக்கு வைக்கிற நேரம் என்று நாளைக்கு மூன்று தரம் அனுப்பச் சொல்வார்.

அவள் சொல்லாமல் இல்லை. அந்த ஆபீஸ்களில் ஓடுவது பழைய மெயில் புரோகிராம், அது படத்தைத் திறந்து காட்டாது, மெயில் தலைப்பிலேயே இலவசம் என்று கத்தி ஆசை காட்டி, ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வந்தால் ஏமாற்றுக்காரன் என்று நினைத்து ஸ்பாமில், அதாவது குப்பையில், தள்ளிவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள்.

"முருகனயே எடுக்கச் சொல்றியா?" என்றார் சாமிதுரை. "ஒரு தரம் சொன்னா அது அழைப்பா? கல்யாணம்னா பத்திரிக வைக்கணும், மறுக்காப் போயி ஞாபகப்படுத்தணும், மொத நாளு நேருல கூப்புடணும். இல்லைன்னா ஒப்புக்குச் சொன்னான்னு முறுக்கிக்குவான்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அவருடைய பங்காளி செல்லப்பன், அண்ணன் பேரன் காதுகுத்துக்கு இரண்டு தரம்தான் கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் மெஷினுக்குப் பங்காளி ஏது, காதுகுத்து ஏது.

மறுநாள் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூரில் இறங்கினாள். கேன்டீன் ஆபீசில் மெயில் பார்ப்பவள் நந்தினி என்கிற பெண், இவள் வயதுதான் இருக்கும். பெயரைச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த வெற்றிச்செல்வி? வாங்க, உங்க வூட்டக் காட்டுறேன்."

ஸ்பாமைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரைக்கும் வெற்றிச்செல்வி, வெற்றிச்செல்வி என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைத் திறந்தால் முருகனும் இல்லை, விலையும் இல்லை. சிவப்பில் பெருக்கல் குறி போட்ட வெறும் கட்டம்.

முதலில் மெஷின்தான் தானாகத் தள்ளியதாம். பாவம் என்று நந்தினி இரண்டு தரம் வெளியே எடுத்துப் போட்டாளாம். "அதுக்கப்புறமும் நாளைக்கு மூணு தரம் வந்தா? நானேதான் தள்ளுனேன். கடன்காரன் கதவத் தட்டுற மாதிரில்ல இருந்துச்சு."

வெற்றிச்செல்விக்குக் காது மடல் எரிந்தது. நந்தினி மேல் கோபம் வரவில்லை. கத்தியது மாமா, குப்பையில் கிடப்பது தன் பெயர். அப்பா வெங்காயம் அழுகப்போவதும் அதனால்தான்.  பட்டறையில் கிடப்பதில் பாதி தன் அப்பா விளைவித்தது, அது முளைவிட்டால் அவருக்கு வேறு போக்கில்லை என்று மட்டும் சொன்னாள்.

நந்தினி அவள் மெயில் முகவரியைத் தடையிலிருந்து எடுத்து, தெரிந்தவர்கள் பெயர் இருக்கிற இடத்தில் சேர்த்தாள்.

"இனிமே நீங்க எங்க ஆளு, இது உள்ள வுட்டுரும். படம் வேணாம், எழுத்தா எழுதுங்க. சரக்கு, விலை, லாரி என்னைக்கு வரும், அவ்ளோதான். ஒரே தரம். மறுபடி கத்துனீங்கன்னா நானே தள்ளிருவேன், அப்புறம் நீங்க நேருல வந்தாலும் எடுக்கமாட்டேன்."

அடுத்த நாள் சாமிதுரை வருவதற்கு முன்னால் கறுப்பு எழுத்தில் நான்கே வரி எழுதி ஒரே தரம் அனுப்பினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பதில் வந்துவிட்டது. பட்டறையில் இருக்கிறதெல்லாம் வேண்டும், வெள்ளிக்கிழமை லாரி ஏற்றுங்கள் என்றிருந்தது. சேதி கேட்டு மண்டிக்கு வந்த இராமலிங்கம் அப்போதே சாக்குப் பிடிக்க உட்கார்ந்துவிட்டார்.

சாமிதுரைக்கு வாயெல்லாம் பல். முருகன் கைவிடவில்லை, மூன்று தரம் அழைத்தது வீண்போகவில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் படத்திலேயே நன்றி என்று போட்டு இப்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று தட்டிவிடச் சொல்லி, தானே மவுசுக்குக் கையை நீட்டினார்.

வெற்றிச்செல்வி கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"கைய எடுங்க மாமா. இன்னொரு தரம் அந்தப் படம் போச்சுன்னா இந்த ஆர்டரும் குப்பைக்குப் போயிரும். எம்பேருல இனி ஒரு எழுத்து அனுப்புனாலும் அது நான் எழுதுனதாத்தான் இருக்கணும். இல்லைன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன். போனேன்னா, நீங்க மூணு தரம் வூட்டுக்கு வந்து அழைச்சாலும் வரமாட்டேன்."

சாமிதுரை மச்சானைத் திரும்பிப் பார்த்தார். இராமலிங்கம் கோணி ஊசியை நிறுத்தவில்லை. மூட்டை வாயை இழுத்துத் தைத்துக்கொண்டே, அடுத்த சாக்கை எடுத்துத் தரச் சொன்னார், சாமிதுரையிடம்.