கைக்குக் கனமான டிரான்ஸ்ஃபார்மர்

திண்டிவனத்தில் எனக்கு டிவி ரிப்பேர் கடை. யாரோ செய்த சாமானுக்கு ஒட்டுப்போட்டே காலம் போகிறதே என்ற எரிச்சல் எப்போதும் உண்டு. அதனால்தான் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர் வந்து கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கே கரும்புக்கு மோட்டார் போட்டுவிட்டால் சாயங்காலம் வோல்டேஜ் பாதியாகிவிடும். கம்பங்களில் மாட்டியிருக்கும் கேபிள் பெட்டிகள் படுத்துவிடும். சீரியல் நேரத்தில் படம் போனால் ஊரே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்தப் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்க, குறைந்த வோல்டேஜிலும் ஓடுகிற சப்ளை செய்து கொடுத்தால் எல்லாக் கம்பத்துக்கும் என்னிடமே வாங்குவதாகச் சொன்னார். ரிப்பேரைத் தலைமுழுகிவிட்டு சொந்தச் சாமான் செய்யலாம்.

டிவிக்குள் இருப்பதைப் போன்ற ஸ்விட்சிங் சப்ளைதான் இதற்குச் சரி. சர்க்யூட் எனக்கு அத்துப்படி. கழுத்தை அறுத்தது டிரான்ஸ்ஃபார்மர். விழுப்புரம் கடைகளில் கேட்டால் எந்த மாடல் டிவிக்கு என்றார்கள். எந்த டிவிக்கும் இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எங்கள் தொழிலில் எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். கனமாக இருந்தால் உள்ளே செம்பு நிறைய இருக்கும், ஆகவே நல்ல சாமான். அதே புத்தியோடு பழைய கம்ப்யூட்டர் சப்ளைகளைப் பிரித்து, இருப்பதிலேயே பெரிய டிரான்ஸ்ஃபார்மரைப் பொறுக்கினேன். சும்மா இருக்கும்போது ஓடியது. கேபிள் பெட்டியை மாட்டியதும் டிரான்சிஸ்டர் டப்பென்று வெடித்தது. அதைவிடப் பெரியதைப் போட்டேன். அதுவும் வெடித்தது.

காரணம் பிடிபட மழைக்காலம் முழுக்க ஆயிற்று. இந்த வகை சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கணம் சக்தியைப் பிடித்துவைத்து மறுகணம் விட வேண்டும். பிடித்துவைக்க, கம்பி சுற்றியிருக்கும் அதன் கருப்புக் கட்டியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே காகிதத் தடிமனுக்கு ஓர் இடைவெளி வேண்டும். கம்ப்யூட்டர் சரக்கில் அது கிடையாது. எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? கடைசியில் பழைய கலர் டிவியிலிருந்து இடைவெளி விட்ட சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, கம்பியைப் பிரித்து, குறைந்த வோல்டேஜுக்கு ஏற்றபடி மறுபடி சுற்றினேன். ஓடியது. வோல்டேஜைப் பாதியாக இறக்கினேன். அப்போதும் ஓடியது. கடையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் கேபிள்காரர் வந்தார். நான் பிளக்கைச் சொருகுவதற்குள் சப்ளைப் பெட்டியைக் கையில் தூக்கிவிட்டார்.

"இன்னாபா இது, காலி டப்பா மாதிரி இருக்குது? வெயிட்டே இல்லியே. இத நம்பி எப்படி கம்பத்துல மாட்றது?"

ஓட்டிக் காட்டினேன். விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். ஆத்திரத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அவரு கேக்கறது வெயிட்டுதான? குடுத்துட்டுப் போங்களேன். இதுக்குப் போயி சாப்புடாம உக்காந்துகினு இருக்கீங்க."

ஸ்டெபிலைசர்களில் எரிந்துபோன இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கள் கடையில் மூலைக்கு மூலை கிடந்தன. ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு கம்பிகூட அதற்குப் போகவில்லை. மறுபடி வந்த கேபிள்காரர் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இப்போதுதான் சாமான் மாதிரி இருக்கிறது என்றார்.

கம்பங்களிலெல்லாம் என் சப்ளை ஏறியது. சீரியலும் தடையில்லாமல் ஓடியது. சில வருடம் கழித்து, விழுப்புரத்தில் யாரோ அதைப் பிரித்துப் பார்த்து அப்படியே செய்து விற்பதாகக் கேள்விப்பட்டு, வயிற்றெரிச்சலோடு ஒன்றை வாங்கித் திறந்தேன். சின்ன டிரான்ஸ்ஃபார்மரை ஏனோதானோவென்று சுற்றியிருந்தார்கள். எதோடும் சேராத அந்த இரும்பை மட்டும், என்னுடையதைவிடப் பெரிதாக, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள்.