வெள்ளவத்தைக்கு நேரே என்று சொன்ன குண்டு

வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், துறைமுகத்தைக் காத்தேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். காத்தது உண்மைதான். ஆனால் ஒரு நாள் அதை என்னிடமிருந்தே காக்க வேண்டி வந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த என்னை, கடலடிப் பாறையெல்லாம் தெரிந்தவன் என்று கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மோட்டார் போட்டை ஓட்டும் தண்டையல் நான். கப்பல் முட்டினால் வெடிக்கட்டும் என்று எதிரி கடலில் போட்டுவிட்டுப் போன குண்டுகளைத் தேடுவது வேலை.

ஒரு பின்னேரம் ஒன்றைக் கண்டேன். முள்ளு முளைத்த இரும்புப் பானை மாதிரி, சங்கிலி பாறையில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. சங்கடம் என்னவென்றால், அது என்னுடைய பாறை. விளைமீன் குவிந்து கிடக்கும் அந்த இடத்தை இருபது வருடமாக நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என்னோடு வந்த இரண்டு சிப்பாய்களும் கண்டிப் பக்கத்து மலைநாட்டு ஆட்கள். கரை எந்தப் பக்கம் என்பதிலேயே அவர்களுக்குச் சந்தேகம்.

கரைக்கு வந்ததும் எங்கள் வெள்ளைக்கார அதிகாரி, துரை, "எந்த இடம்?" என்று கேட்டார். மீன்பிடிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. வடக்கே மீன் பட்டால் தெற்கே கை காட்டுவதுதான் எங்கள் வழக்கம். அதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை.

"வெள்ளவத்தை மில் புகைக்கூண்டுக்கு நேர, சேர்" என்றது என் வாய்.

உடனே திருத்தியிருக்கலாம். துரை தோளில் தட்டிக் கெட்டிக்காரன் என்றுவிட்டார். புகழ்ச்சி என்றால் எனக்கு வாயடைத்துப் போகும்.

வெள்ளவத்தைப் பக்கம் ஒருவரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று கரை முழுக்க அறிவித்தார்கள். அடுத்த நாள் காலை துரையோடு தெற்கே தேடப் புறப்பட்டபோதுதான் பார்த்தேன்: அங்கே போக வேண்டிய பாய்மரப் படகுகள் எல்லாம் வடக்கே, என் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போனது அக்காவின் புருஷனுடைய படகு.

"சேர், குண்டு அங்க இல்லை. வடக்க கிடக்கு. நேற்று நான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

"மீன், சேர்."

துரை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "திருப்பு" என்றார்.

நான் போட்டின் முனையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "அத்தான், வலை போடாதேங்கோ. குண்டு கிடக்கு."

"வெள்ளவத்தையில எண்டல்லோ சொன்னவங்கள்? எந்த விசரன் சொன்னவன்?"

"நான்தான்."

படகுகள் விலகின. சிப்பாய்கள் தூர நின்று குண்டைச் சுட்டார்கள். கடல் எழும்பி விழுந்தது. பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு விளைமீன்கள் மிதந்து வந்தன, வந்துகொண்டேயிருந்தன. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு அள்ளினார்கள்.

அத்தான் அள்ளவில்லை. கரையில் தெரிந்த கோயில் கோபுரத்தையும் துறைமுகக் கிரேனையும் கண்ணால் பொருத்திப் பார்த்து, இத்தனை வருடம் நான் ஒளித்து வைத்த இடம் இதுதான் என்று புரிந்துகொண்டார். போன மாரியில் மீன் படாமல் அவர் வீட்டில் கஞ்சி குடித்தது எனக்குத் தெரியும்.

"வெள்ளைக்காரனுக்குச் சொல்லாதது சரி," என்றார். "எனக்குமோ?"

வெறும் படகோடு பாயைத் திருப்பிவிட்டார்.