பெரியம்மாவின் கண்ணில்லாத விரல்

என் பெரியம்மா ஒரு பேருந்து நிறுவனத்தில், காணாமல் போன பொருள்கள் பிரிவில் வேலை பார்க்கிறார். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பணிமனைக்குப் பின்னால், டயர் அடுக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பெரியம்மா. மீதி இடமெல்லாம் ஜனங்கள் பேருந்தில் விட்டுவிட்டுப் போன சாமான்கள். குடைகள் மட்டும் முந்நூறு இருக்கும்.

பதினாறு வருடமாக அவர் ஒவ்வொரு பொருளையும் எக்செல்லில் ஏழு கட்டங்களில் எழுதி வைத்திருக்கிறார். என்ன பொருள், என்ன நிறம், எந்தப் பேருந்து, எந்த இருக்கை, என்ன தேதி, யார் எடுத்துக் கொடுத்தார்கள், கடைசியில் குறிப்பு. முதல் ஆறு கட்டங்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரியம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழாவது கட்டத்தைப் படிக்க வேண்டும். “இடது கால் செருப்பு. ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனவர் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.” “கணக்குப் பாடப் புத்தகம். முதல் மூன்று பக்கம்தான் அழுக்கு. மற்றதெல்லாம் புத்தம் புதிது.” யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அவருடைய மேலாளருக்குப் பணிமனையில் ‘அவசரம் சார்’ என்று பெயர். மின்விசிறி போடச் சொல்வதாக இருந்தாலும் “அவசரம்” என்றுதான் தொடங்குவார். ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்து கதவிலேயே நின்றார். உள்ளே நிற்க இடம் இல்லை.

“அவசரம் மேடம். தலைமை ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் குடுத்திருக்காங்க. உங்க சாமான் எல்லாத்தையும் அதுல ஏத்தணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க.”

“ஏத்தாததெல்லாம்?”

“அதுல இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு அர்த்தம். சனிக்கிழமை லாரி வந்து அள்ளிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்.”

“குடை என்ன சார் இரும்பா?”

“கம்பி இரும்புதானே மேடம்.”

மொத்தம் ஆயிரத்து எழுநூற்று எழுபது பொருள்கள். அந்தப் புது மென்பொருளோ பிடிவாதம் பிடித்த பிறவி. எக்செல்லிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் வாங்காது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஒரு பொருளுக்கு நான்கு நிமிடம் என்றாலும் நூற்றுப் பதினெட்டு மணி நேரம் ஆகும். வெள்ளி வரை இருந்ததோ நாற்பது மணி வேலை நேரம்தான்.

அன்று வீட்டில் பெரியம்மா தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“பதினாறு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன். நாளைக்கு ஒருத்தர் தேடி வந்தா, லாரியில போட்டுட்டேன்னு சொல்லவா?”

பெரியப்பா முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். கத்திரிக்கோல் ஓயும்போது வாய் ஆரம்பித்துவிடும். “பதினாறு வருஷமா தேடாதவன், நீ லாரியில போட்ட மறுநாள் கரெக்டா வருவான். வேணும்னா பாரு.”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க!”

செவ்வாயும் புதனும் அவர் காணொளி பார்த்துப் பார்த்து ஒரு வித்தை கற்றுக்கொண்டார். எக்செல்லில் மேக்ரோ என்று ஒன்று எழுதலாம். நாம் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தால் அது தானே செய்யும். அதில் ஒரு கட்டளை இருக்கிறது. விசைப்பலகையை யாரோ தட்டுவதுபோல அது கணினியை நம்ப வைத்துவிடும். முதல் கட்டத்தில் இருப்பதைத் தட்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவு, ஏழும் முடிந்ததும் என்டர் அழுத்து, அடுத்த வரிக்குப் போ. புது மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது. பெரியம்மாதான் தட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு பொருளுக்கு அரை நிமிடம் போதும். இரண்டு நாளில் முடிந்துவிடும்.

ஆனால் தானே தட்டும் அந்த விரலுக்குக் கண் கிடையாது. எந்த ஜன்னல் திரையில் முன்னால் நிற்கிறதோ அதன் தலையில் கொட்டும். முதல் ஒத்திகையில் எக்செல்லே முன்னால் இருந்ததால், தன் தலையிலேயே கொட்டிக்கொண்டது. பட்டியல் முழுவதும் கறுப்புக் குடை ஆகிவிட்டது. நல்ல வேளை, பெரியம்மா ஒரு நகல் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விரல் வேலையைத் தொடங்கியது. பெரியம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

“அக்கா, ஒரே ஒரு பிரிண்ட்...” என்று வந்தார் காவலாளி.

“கிட்ட வந்தே, கையை முறிச்சு அடுப்புல வெச்சிடுவேன்.”

“நான் எதையும் தொடலையேக்கா” என்றபடி அவர் முழங்கையை விசைப்பலகையில் ஊன்றினார். ஒரு குடையின் நிறம் ‘கறுப்புஜ்ஜ்ஜ்ஜ்’ ஆனது.

இதற்கு மேல் மனிதர்களை நம்ப முடியாது என்று பெரியம்மா முடிவு செய்தார். விசைப்பலகையையும் மவுஸையும் கழற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். தட்டுவதற்குத்தான் விரல் இருக்கிறதே! ஒரு மணிக்குள் நானூற்று எண்பது பொருள்கள் ஏறிவிட்டன. தெரு எதிரே இருந்த உணவகத்துக்கு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

அவர் போன உடனே அவசரம் சாருக்கு அவசரம் வந்தது. நிறுவனத்தில் எல்லோரும் இருக்கும் உரையாடல் குழு ஒன்று உண்டு; பெரியம்மாவின் கணினியிலும் அது இருந்தது. ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் என்று அறுநூறு பேர். அதில் அவர் ‘முக்கியம்’ என்று குறியிட்டு எழுதினார்: “காணாமல் போன பொருள்கள் பிரிவு: வேலை எதுவரை வந்திருக்கிறது? உடனே பதில் தேவை.” அப்படிக் குறியிட்டால் அந்த ஜன்னல் திரையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும்.

வந்து நின்றது. விரல் உடனே பதில் சொன்னது.

“பல்செட். வெள்ளை. மேல்வரிசை மட்டும். கீழ்வரிசை எங்கேயோ தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.”

“மேடம், இது என்ன?” என்று கேட்டார் அவசரம் சார்.

“மரக்குதிரை. வால் இல்லை. கேட்டு வந்த குழந்தையின் குதிரைக்கு வால் இருந்ததாம்; இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.”

“மேலாளர் பேசுகிறேன்!”

“பழுப்புப் பை. திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.”

“உடனே நிறுத்தவும்!”

“ஊன்றுகோல். முனை தேய்ந்தது. ஊன்றி ஏறியவர் எப்படி இறங்கிப் போனாரோ! நம் பேருந்தில் வந்தால் கால்வலி குணமாகும் போலிருக்கிறது.”

அடுத்ததாக வந்ததைப் பணிமனையில் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: “சாப்பாட்டு டப்பா. மூடி இல்லை. மேலாளருடையது. கேட்டால் இல்லை என்கிறார். உள்ளே இருந்ததைப் பார்த்தால் நானாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.”

அவசரம் சார் பெரியம்மாவின் அறைக்கு ஓடினார்.

“கீபோர்டு எங்கய்யா?”

“காணோம் சார்” என்றார் காவலாளி.

“காணாமப் போனதை வெக்கிற ரூம்லயே கீபோர்டைக் காணோமா?”

அவர் திரையை அணைத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டார். சட்டைப்பையில் இருந்த கைபேசி ‘டிங்’ என்றது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். யூபிஎஸ் எங்கிருந்தோ கீச்சிட்டது. அது முந்நூறு குடைகளுக்குப் பின்னால் இருந்தது. ஒரு குடையை இழுத்தார். முப்பது குடைகள் அவர்மேல் விழுந்தன. ‘டிங்.’

ஒன்றே முக்காலுக்குப் பெரியம்மா திரும்பி வந்து, குடைகளைத் தாண்டி, அலமாரியைத் திறந்து, விசைப்பலகையைச் செருகி, ஒரே ஒரு விசையை அழுத்தினார். விரல் நின்றது. அதற்குள் தொண்ணூறு பொருள்கள் மென்பொருளில் ஏறாமல் அறுநூறு பேரின் கைபேசியில் ஏறியிருந்தன.

“இனிமே அந்த விரலே வேண்டாம். கையால அடிங்க” என்றார் அவசரம் சார்.

“விரல் ஒரு தப்பும் பண்ணல சார். நீங்கதான் குறுக்க வந்து நின்னீங்க.”

“நானா? என் டப்பாவைப் பத்தி எழுதினது யாரு?”

“அப்போ அது உங்க டப்பாதானா?”

அவர் பேச்சை மாற்றினார். வாக்குவாதம் மூன்று மணி வரை ஓடியது. கடைசியில் பெரியம்மா எழுந்து நின்றார்.

“சரி சார். கையால அடிச்சா வெள்ளிக்கிழமை முடியாது. லாரிக்காரர்கிட்ட நீங்களே வரச் சொல்லுங்க. வெளியில நிக்கிறவங்களுக்கும் நீங்களே பதில் சொல்லிடுங்க.”

வெளியே பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு நடத்துநர், “அந்த ஊன்றுகோல் எங்க மாமனாரோடது மேடம். வீட்டையே தலைகீழாக்கித் தேடிட்டோம்” என்றார். ஒரு மெக்கானிக், “என் ரூட்ல வர்ற டீச்சரம்மா பையும் அதுல இருக்கு. ஆமா, ஏன் நிறுத்திட்டீங்க? சுவாரசியமா போய்க்கிட்டிருந்துச்சே!” என்றார்.

அவசரம் சார் வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார், தோளில் மாட்டியிருந்த குடைக்கம்பியை எடுத்துக் கீழே போட்டார். உரையாடல் குழுவை அந்தக் கணினியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். மறுநாள் பெரியம்மா சாப்பிடப் போனபோது, கைகளைக் கட்டிக்கொண்டு அவரே காவல் இருந்தார்.

விரல் தொண்ணூற்றை விட்டுவிட்டு அதற்கு அடுத்த பொருளிலிருந்து தொடர்ந்தது. விட்டுப்போனதைக் கடைசியில் ஏற்றலாம் என்பது பெரியம்மாவின் திட்டம். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மென்பொருள் மூடிக்கொண்டபோது ஆயிரத்து அறுநூற்று எண்பது ஏறியிருந்தன. அந்தத் தொண்ணூறுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

ஆனால் அறுநூறு பேர் படித்திருந்தது அந்தத் தொண்ணூற்றைத்தானே! ஓட்டுநர்கள் பயணிகளிடம் சொன்னார்கள், நடத்துநர்கள் வீட்டில் சொன்னார்கள். வெள்ளி மாலைக்குள் எழுபத்தொன்று வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. முறையாக மென்பொருளில் ஏறிய ஆயிரத்துச் சொச்சத்தைத் தேடி ஒருவர்கூட வரவில்லை. அவை அலமாரியில் பத்திரமாகத் தூங்கின.

சனிக்கிழமை லாரியோடு இரும்புக் கடைக்காரரே வந்தார். பத்தொன்பது பொருள்களைப் பார்த்து, “இதுக்கு எதுக்கும்மா லாரி? என் சைக்கிளே போதுமே” என்றார். பெரியம்மா ஒவ்வொன்றையும் படித்துக் காட்டி, பத்தொன்பது கையெழுத்து வாங்கி, தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வீட்டில் பெரியப்பா ஆறுதல் சொல்லிப் பார்த்தார். “ஆயிரத்து எழுநூத்தம்பதைக் காப்பாத்திட்டே. பத்தொன்பதுக்குப் போய் மூக்கை உறிஞ்சுறியே!”

“அந்தப் பத்தொன்பது பேருக்கு அவங்கவங்க சாமான் ஒண்ணுதானேங்க?”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் மரக்குதிரையைக் கேட்டு வந்தார். வால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று குழந்தை மனம் மாறிவிட்டதாம். பெரியம்மா கடைக்காரருக்குப் போன் செய்தார். மதியம் இன்னொருவர் வந்தார். இன்னொரு போன். புதன்கிழமைக்குள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள்.

நேற்று மாலை ஏழாவது போன். கடைக்காரர் குரல் பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது.

“அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் இங்க இரும்புக் கடை நடத்துறேனா, இல்லை உங்க ஆபீஸோட கிளை நடத்துறேனா?”

“கத்தாதீங்கய்யா. பச்சைப் பிளாஸ்க், கைப்பிடி விட்டுப்போனது. மேல் அடுக்குல பாருங்க” என்றார் பெரியம்மா.